டிக்கோயா மலையில் கிடாரி பார்த்த கண்கள்

1848-இல் சாமுவேல் பேக்கர் என்ற இளம் ஆங்கிலேயர், இங்கிலாந்தின் பண்ணை ஒன்றை அப்படியே நுவரெலியாவில் கொண்டுவந்து நட்டுவிடத் துணிந்தார். டர்ஹாமும் ஹியர்ஃபோர்டும் கலந்த ஒரு காளை, நல்ல வம்சத்து டர்ஹாம் பசு ஒன்று, மூன்று செம்மறிக் கடாக்கள், வேட்டைநாய்கள் என்று பெரும் பரிவாரமே கப்பலில் வந்தது. கொழும்பிலிருந்து மலைக்கு நடத்தி வரப்பட்ட அந்தப் பசு, நுவரெலியாவைப் பார்க்காமலே வழியில் செத்துப்போனது. 1855-இல் வெளியிட்ட தன் இலங்கை நினைவுகளில் பேக்கரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

அது சோடை மாடு அல்ல. அன்றைய உலகின் மிகக் கூர்மையான கண்கள் பார்த்துப் பார்த்து உருவாக்கிய இனம். பதினெட்டாம் நூற்றாண்டில் ராபர்ட் பேக்வெல் இறைச்சிக்கென்றே ஆடுமாடுகளைத் தேர்ந்து பெருக்கும் வழியைக் காட்டினார். டர்ஹாம் பகுதியின் காலிங் சகோதரர்கள் அதே வழியில் குறுங்கொம்பு இனத்தைச் செதுக்கினார்கள். 1822-இல் அந்த இனத்துக்கென ஜார்ஜ் கோட்ஸ் வம்சப் பதிவேடே அச்சிட்டார். இறைச்சி இனக் கிடாரியிடம் அவர்கள் தேடிய அடையாளங்களையே இன்றும் தேடுகிறார்கள்: மேசைபோல் நேரான முதுகு, நன்றாக வளைந்து ஆழமாக இறங்கும் விலா, அகன்ற நெஞ்சு, சதை இறங்கிய தொடை. ஆனால் கிடாரி என்பது நாளைய தாய். அதனால் சதைக்கு மேலே வேறொரு கணக்கும் இருந்தது. கழுத்து மெலிந்து பெண்மை தெரிய வேண்டும். கன்று வெளிவர இடுப்பெலும்புகளுக்கு நடுவே அகலம் வேண்டும். சின்ன வயதிலேயே கொழுத்துவிட்டால் மடிக்குள் கொழுப்பு படிந்து பின்னால் பால் குறையும்.

இவ்வளவும் சரிதான். அந்தப் பசு எந்தப் புல்லைத் தின்று, எந்த வெயிலில், எத்தனை மைல் ஏற வேண்டும் என்ற கேள்விதான் அந்தத் தேர்வில் இல்லை. மலையகத்து மாட்டின் கதை முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

மலையகத்தின் டிக்கோயா சுமார் நாலாயிரம் அடி உயரத்தில், 1860-களில் காடு வெட்டிக் காப்பிக்காகத் திறக்கப்பட்ட நாடு. ரயில் 1874-இல் நாவலப்பிட்டி வரை வந்தது. டிக்கோயாவுக்கு அருகிலுள்ள அட்டனுக்கு ஏற இன்னும் பத்து வருடம், 1884 வரை பிடித்தது. அதுவரை காப்பி மூட்டை கீழே இறங்கியதும் அரிசி மூட்டை மேலே ஏறியதும் கினிகத்தேனைப் பாதையில் மாட்டு வண்டியால்தான். வண்டிக்கு மட்டுமல்ல, சாணத்துக்கும் மாடு வேண்டும். காப்பிச் செடி எருவைக் கேட்டுக்கொண்டே இருக்கும் செடி. ஆகவே பல தோட்டங்களில் தனி மாட்டுக் கொட்டில்கள் எழுந்தன. கினிப் புல் நட்டு வளர்த்தார்கள். மானாப் புல்லை வெட்டி மாட்டின் காலடியில் பரப்பி எருவாக்கினார்கள். 1866-இல் இலங்கைக் காப்பிப் பயிர் பற்றி நூல் எழுதிய தோட்டத்துரை சபோனாடியேர் எருவிடுவதைப் பற்றி விரிவாகவே எழுதினார். துரையின் கணக்கில் மாடு என்பது முதலில் எரு, பிறகு இறைச்சி, கடைசியாகப் பால்.

அந்த மாடுகளோடு வாழ்ந்தவர்கள் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்கள். காங்கேயம், மணப்பாறை மாடுகளைப் பார்த்துப் பழகிய கண்கள் அவர்களுடையவை. அந்தப் பார்வை ஏருக்கும் கமலைக்கும் வண்டிக்கும் உரியது: இறுகிய குளம்பு, எடுப்பான திமில், ஒட்டிய வயிறு, குட்டையாகப் பதிந்த கால் கணு. அதற்கு மேல் சுழி பார்ப்பார்கள். நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழன்றிருக்கும் இடத்தை வைத்து, இந்த மாடு குடியை வாழவைக்கும், இது கெடுக்கும் என்று சொல்வார்கள். மாட்டுவாகடச் சுவடிகளும் சுழிக்கு நிறையவே இடம் கொடுத்திருக்கின்றன. சுழி பாலைக் கூட்டாது. ஆனால் ஒரு கிடாரியை மூக்கிலிருந்து வால் நுனி வரை தடவிப் பார்க்கும் பழக்கத்தை அது கற்றுக்கொடுத்தது. அந்தப் பழக்கம் விலைமதிப்புள்ளது.

காப்பி இலைநோயில் போனது, தேயிலை வந்தது, மூட்டை உரம் வந்தது. துரைக்குச் சாணத்தின் தேவை குறைந்தது. லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்தவருக்கு மாட்டின் தேவை கூடியது. சொந்தமாக ஒரு அடி நிலமில்லாத குடும்பத்துக்கு, தானே பெருகக்கூடிய ஒரே சொத்து கொட்டிலில் நின்ற பசுதான். மகளின் கல்யாணமோ மகனின் பள்ளிச் செலவோ வந்தால் கைகொடுத்தது அதுதான். 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களால் அந்தச் சொத்தைக் கொண்டுபோக முடியவில்லை. இந்த இழப்பு மனதை உறுத்துகிறது.

மாடும் மாறியிருந்தது. குளிர்மலைக்கு அயர்ஷயர், பிரீசியன், ஜெர்சி இரத்தம் ஏறியது. குண்டசாலை நிலையத்திலிருந்து வந்த சினை ஊசி, காளை வைத்திராத லயத்துக்கும் நல்ல வம்சத்தைக் கொண்டு சேர்த்தது. திமில் தணிந்தது, பார்ப்பவரின் கண் மாட்டின் பின்பக்கத்துக்கு நகர்ந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கிடாரியின் உடல் முன்னால் ஒடுங்கிப் பின்னால் விரிய வேண்டும். இடுப்பின் முன் எலும்பைவிட வாலடி எலும்பு சற்றே தாழ்ந்திருந்தால் கன்று சிரமமில்லாமல் இறங்கும், கழிவும் தேங்காமல் வடியும். நாலு காம்பும் சம இடைவெளியில் இருக்க வேண்டும். சரிவில் மேயும் மாட்டுக்குப் பின்னங்கால் கணு மிக முக்கியம். அதிகம் வளைந்தாலும் தூண்போல் நிமிர்ந்தாலும் நாளடைவில் நொண்டக்கூடும். வயதுக்குப் பல் சாட்சி. இரண்டு பல் போட்டதென்றால் ஏறக்குறைய இரண்டு வயது. ஊசி போட வயது மட்டும் போதாது, வளர்ந்த மாட்டின் எடையில் அறுபது, அறுபத்தைந்து சதவீதமாவது ஏறியிருக்க வேண்டும். தராசு இல்லாத இடத்தில் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்தே எடையைக் கணிக்கலாம்.

எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாத ஒரு கிடாரி உண்டு. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததில் பத்துக்கு ஒன்பது மலடு. 1779-இலேயே ஜான் ஹன்டர் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். கருவில் இரண்டு கன்றுகளின் இரத்தமும் கலப்பதால் வரும் கோளாறு என்று 1916-இல் ஃபிராங்க் லில்லி விளக்கினார். வெளியே பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. தாய் எப்படி ஈன்றது என்று விற்பவரைக் கேட்டே அறிய வேண்டும்.

பேக்கரின் பசு செத்து நூற்றறுபது சொச்சம் வருடத்துக்குப் பிறகு, இலங்கை அரசும் கப்பலில் கிடாரி இறக்கியது. 2012-ஐ ஒட்டி இரண்டாயிரம் மாடுகள் ஆஸ்திரேலியாவிலிருந்து அரசுப் பண்ணைகளுக்கு வந்தன. டயகம, பொப்பத்தலாவைப் பண்ணைகள் அவற்றில் சேரும். அடுத்து இருபதாயிரம் என்று பெரிய திட்டம். அதன் முதல் பகுதியாக 2017-இல் 5,000 சினைக் கிடாரிகள் தனியார் பண்ணையாளர்களுக்கு விற்கப்பட்டன. பல மாடுகள் நோயில் விழுந்தன, பல செத்தன. சொன்ன அளவு பால் வரவில்லை. கடன் வாங்கியவர்கள் நொந்துபோனார்கள். கணக்காய்வாளர் நாயகம் தனி அறிக்கை எழுதும் அளவுக்குப் போனது. அங்கே மேய்ச்சல் தரையிலும் தானியத்திலும் வளர்ந்த உடல், இங்கே தேயிலை ஓரத்துப் புல்லில் அந்தப் பாலைத் தர முடியாது. வம்சம் எவ்வளவு உயர்ந்ததோ தீனியின் கேள்வியும் அவ்வளவு உயரும்.

டிக்கோயாவின் சின்னக் கொட்டில்களில் இந்தக் கணக்கு வேறு விதமாகப் போடப்பட வேண்டும். தீனி என்பது ரோட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் அறுத்துத் தலையில் சுமந்து வரும் புல்லுக்கட்டு. நல்ல பிரீசியன் பசு அறுநூறு கிலோ நிற்கும். ஜெர்சி நானூறு கிலோ அளவுதான், தின்பதும் அதற்கேற்பக் குறைவு, பாலில் கொழுப்போ அதிகம். இலங்கையில் பால் விலையைக் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே லிட்டர் குறைந்தாலும் பணம் அதே விகிதத்தில் குறையாது. கறுப்பு வெள்ளைப் பெரிய கிடாரியைத் தாண்டி, மான் நிறத்துச் சின்னக் கலப்புக் கிடாரியின் முன்னால் நின்று, அதன் தாய் கோடையில் எத்தனை லிட்டர் ஊற்றியது என்று கேட்பவர், ஒரு நாளைக்கு எத்தனை கட்டுப் புல் தன்னால் சுமக்க முடியும் என்பதை முன்பே எண்ணி வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்.