செண்டுமல்லியின் நீல இலை

பாரிஸில் கோப்லென் என்ற பெயர்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரேலின் மேசைக்கு ஒரு புகார் வந்தது. கறுப்புச் சாயம் சரியில்லையாம். நீலத் துணிக்கும் ஊதாத் துணிக்கும் நிழல் காட்ட நெய்தால் கறுப்பு சோகை பிடித்ததுபோலத் தெரிகிறதாம். ஷெவ்ரேல் வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கோளாறு பக்கத்து நூலில் இருந்தது. ஒரு நிறத்தைப் பார்க்கும் கண், அதன் எதிர்நிறத்தைத் தானாகவே அண்டை நிறத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. நீலத்தை ஒட்டிய கறுப்பின்மேல் இல்லாத ஆரஞ்சு படிகிறது, கறுப்பு மங்கிவிடுகிறது.

சேலை உடலுக்கு எந்தக் கரை எடுக்கும் என்று யோசிக்கும் காஞ்சிபுரத்து நெசவாளருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரிந்திருக்கும் சங்கதிதான். ஷெவ்ரேல் அதை விதியாக்கி 1839-இல் தடித்த புத்தகமாகக் கொண்டுவந்தார். திரைச்சீலை, ஓவியம், உடை என்று வரிசையாகப் போகும் அந்தப் புத்தகம் பூந்தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆரஞ்சுப் பூவுக்குப் பக்கத்தில் நீலம், மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, நடுநடுவே வெள்ளையைத் தாராளமாகத் தூவு என்று தோட்டக்காரருக்கும் யோசனை சொன்னது. 1854-இல் ஆங்கிலத்தில் வந்தது.

இங்கிலாந்தில் அப்போது தோட்டத்துக்கு வேறொரு காய்ச்சல். 1845-இல் கண்ணாடிமீதான வரியை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி வீடு கட்டுவது மலிவாயிற்று. தென்னாப்பிரிக்காவின் ஜெரேனியம், தென்னமெரிக்காவின் பெட்டூனியா, சால்வியா, கால்சியோலாரியா எல்லாம் குளிர்காலம் முழுக்கக் கண்ணாடிக்குள் பதுங்கியிருந்து, கோடை வந்ததும் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து பாத்திகளில் அமர்ந்தன. வட்டம், நட்சத்திரம், கோடு என்று கத்தரித்து ஒட்டியது போன்ற பாத்திகள்; பளீர்ச் சிவப்பு, பளீர் மஞ்சள், பளீர் நீலம். சீசன் முடிந்ததும் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு அடுத்த செட்.

நமக்கு இது புதிதல்ல. லண்டனின் க்யூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848 முதல் உருவாக்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவில் இன்றும் அதன் வாரிசைப் பார்க்கலாம். மே மாத மலர்க் காட்சிக்காக நாற்றங்காலில் தொட்டி தொட்டியாக வளர்த்து, பூக்கிற நாளில் கொண்டுவந்து அடுக்கும் அந்த வித்தை விக்டோரியா காலத்துச் சரக்கு. பார்த்தவுடன் வாய்பிளக்க வைக்கும். அரைமணி நேரத்தில் கண் சலித்துவிடும்.

இந்தச் சலிப்பை உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அயர்லாந்துக்காரரான வில்லியம் ராபின்சன். 1870-இல் ஒரு புத்தகம், அடுத்த ஆண்டே ஒரு வாரப் பத்திரிகை. தொட்டிச் செடியை விடுங்கள், ஆண்டுக்கு ஆண்டு அதே வேரிலிருந்து தழைத்து வரும் செடிகளை நடுங்கள் என்று இரண்டிலும் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். அவருடைய பத்திரிகைக்கு எழுத வந்தவர்களில் ஒருவர் ஜெர்ட்ரூட் ஜீக்கில். 1843-இல் லண்டனில் பிறந்தவர். ஸ்டீவன்சனின் புகழ்பெற்ற ‘டாக்டர் ஜீக்கில்’ கதைக்குப் பெயரைக் கடன் கொடுத்தது இவருடைய தம்பி வழியாகத்தான் என்பார்கள்.

ஜீக்கில் தோட்டக்கலை படித்தவர் அல்ல. 1861-இல் சவுத் கென்சிங்டன் கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் படித்தார். அங்கே நிறக் கோட்பாடும் பாடம். டர்னரின் ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்தார். எம்பிராய்டரி, வெள்ளி வேலை, மரச் செதுக்கு என்று கை சும்மா இருந்ததில்லை. சிறுவயது முதல் கடுமையான கிட்டப்பார்வை. 1891-இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் ஒரு கண் மருத்துவர், ஊசி வேலையையும் ஓவியத்தையும் விட்டுவிடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார். தூரிகை போனது, மண்வெட்டி இருந்தது. கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரத்துப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தெரியாது, நிறத் திட்டுகளாகத்தான் தெரியும் என்பதை அவர் தோட்டத்தோடு முடிச்சுப்போட்டு எழுதியவர்கள் பலர். அதில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அத்தனை கைவேலை செய்த ஒருவரின் பயிற்சியைக் கண்ணாடியின் பவருக்குள் அடைத்துவிடுவது சரியாகப் படவில்லை.

சர்ரே மாவட்டத்தில் காடல்மிங் ஊருக்கு அருகே 15 ஏக்கர் நிலம் வாங்கி மன்ஸ்டெட் வுட் என்று பெயரிட்டார். பின்னாளில் புது தில்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸை 1889-இல் சந்தித்தபோது லட்யன்ஸுக்கு இருபது வயது, இவருக்கு நாற்பத்தைந்து. அந்த இளைஞர் கட்டிக்கொடுத்த வீட்டில் 1897-இல் குடியேறினார். வீட்டைவிடப் புகழ் பெற்றது அங்கிருந்த ஒரு பூப்பாத்திதான்.

நீளம் சுமார் 200 அடி, அகலம் 14 அடி. வடக்கே 11 அடி உயர மணற்கல் மதில். ஒரு முனையில் சாம்பல் பூத்த இலைகள். அவற்றோடு தெளிந்த நீலம், வெள்ளை, மிக வெளிறிய மஞ்சள், மிக வெளிறிய ரோஜா நிறம். நடக்க நடக்க மஞ்சள் தடிக்கும், ஆரஞ்சாகும். நடுவில் டேலியா, கல்வாழை, ஹாலிஹாக் என்று சிவப்பு தகிக்கும். அங்கிருந்து ஆரஞ்சு, மஞ்சள், வெளிர்மஞ்சள் என்று படிப்படியாகத் தணிந்து, மறுமுனையில் திரும்பச் சாம்பல் இலை. ஆனால் அங்கே நீலத்துக்குப் பதிலாக ஊதாவும் லைலாக்கும்.

ஷெவ்ரேலின் விதியை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எதிர்நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டு மோதவிட்டார்கள். ஜீக்கில் அதே விதியை நடையாக்கினார். சாம்பலும் நீலமும் பார்த்து நிறைந்த கண்ணுக்கு மஞ்சள்மேல் பசி வருகிறது. சிவப்பிலும் மஞ்சளிலும் ஊறித் திளைத்த கண் ஊதாவைத் தேடுகிறது. ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குக் கண்ணைத் தயார் செய்து அனுப்புகிறது. இதை நம்பாதவர்களுக்கு அவர் ஒரு சோதனையும் சொல்லியிருக்கிறார், நம் ஊரில் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது. வெயிலில் நிற்கும் ஆரஞ்சுச் செண்டுமல்லிப் பூவை முப்பது விநாடி இமைக்காமல் பார்க்க வேண்டும். உடனே அதன் இலையைப் பார்க்க வேண்டும். மங்கிய பச்சை இலை பளிச்சென்று நீலமாகத் தெரியும்.

நிறம் இருந்தால் போதுமா, அது அத்தனை நாள் நிற்க வேண்டுமே? இங்கேதான் ஜீக்கிலின் உண்மையான கெட்டிக்காரத்தனம். 1908-இல் வெளியான தோட்ட நிறங்கள் பற்றிய புத்தகத்தில் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டார்: ஆண்டு முழுக்க அழகாக இருக்கும் பாத்தி என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று முதல் மூன்று மாதம்தான் கெடு. அதனால் மன்ஸ்டெட் வுட்டில் பருவத்துக்கொரு தோட்டம். இளவேனிலுக்குத் தனி இடம். பிரிம்ரோஸுக்கு மரநிழலில் தனி இடம், அதில் வெள்ளையும் மஞ்சளும் மட்டும். ஜூனுக்கு ஐரிஸ். செப்டம்பர், அக்டோபருக்கு ஆஸ்டர் வகையான மைக்கேல்மாஸ் டெய்சிப் பாத்திகள், பெரும்பாலும் ஊதாவும் லைலாக்கும் வெள்ளையும். 200 அடிப் பாத்தியின் முறை ஜூலை பின்பாதி முதல் செப்டம்பர் வரை. முறை முடிந்த தோட்டத்துப் பக்கம் யாரும் போக வேண்டியதில்லை.

அந்த இரண்டரை மாதத்தையும் ஓட்டுவதற்கே எத்தனை தில்லுமுல்லு! டெல்பினியம் பூத்து முடிந்தால் மொட்டைத் தண்டுதான் மிச்சம். அதை அடியோடு வெட்டாமல் பாதி உயரத்துக்கு விட்டுவைத்து, பின்னால் நட்டிருந்த வெள்ளைப் பட்டாணிப்பூக் கொடியை அதன்மேல் இழுத்துக் கட்டுவார். கொடி ஓய்ந்ததும் அதற்கும் பின்னாலிருந்த ஊதா கிளெமாட்டிஸ் கொடியின் முறை. ஒரே இடத்தில் மூன்று பூ, ஒன்றின் பிணத்தின்மேல் அடுத்தது. பாப்பிச் செடி கோடை நடுவில் காய்ந்து பள்ளம் விழுந்தால் அதை ஜிப்சோஃபிலாவின் வெள்ளை நுரை மூடும். ஜிப்சோஃபிலா பழுப்பேறினால் நாஸ்டர்ஷியம் மேலே படரும். அப்படியும் ஓட்டை தெரிந்தால் தொட்டியில் தயாராக நிற்கும் லில்லியையும் ஹைட்ராஞ்சியாவையும் கொண்டுவந்து செருக வேண்டியதுதான். தொட்டிச் செடியைத் திட்டிக்கொண்டே தொட்டியைக் கடன் வாங்கியது ராபின்சனுக்கு உறுத்தியிருக்குமோ என்னவோ, ஜீக்கிலுக்கு உறுத்தவில்லை. சதுரம் சதுரமாக நடாமல் நீண்டு மெலிந்த ஓடைபோல நட்டதற்கும் இதே காரணம்தான். மெலிந்த திட்டு வாடினால் பள்ளம் கண்ணில் படாது.

பூங்கொத்திலும் இதே புத்தி. 1907-இல் வீட்டுக்குள் பூ வைப்பது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அக்காலத்துப் பூச்சாடிகள் வாய் குறுகி, தண்ணீர் கொள்ளாமல், மேலெல்லாம் அலங்காரத்தோடு இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வாயகன்ற, நிறையத் தண்ணீர் பிடிக்கும் சாதாரணக் கண்ணாடிச் சாடிகளைத் தானே வரைந்து கொடுத்தார். மன்ஸ்டெட் சாடிகள் என்ற பெயரில் லண்டனில் மலிவாக விற்றன. குளிர்காலத்தில் பூ அரிது என்றால், பசுமை மாறா இலைகளை அடித்தளமாக வைத்து அதில் கிடைத்த நாலு பூவைச் செருகினால் போதும் என்றார். இல்லாத பருவத்தைப் பாசாங்கு செய்ய வேண்டியதில்லை.

ஒரே நிறத் தோட்டங்களையும் அவர் அந்த 1908 புத்தகத்தில் வரைந்து காட்டினார்: பொன், நீலம், பச்சை, சாம்பல், ஆரஞ்சு. ஆனால் நீலத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டதற்காக நீலத்தைத் தவிர எதுவும் கூடாது என்று அடம்பிடிப்பவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு. அந்த நீலம் பக்கத்தில் ஒரு கொத்து வெள்ளை லில்லிக்கோ, வெளிறிய எலுமிச்சை மஞ்சளுக்கோ ஏங்கிக்கொண்டிருக்கும் என்பது அவர் கட்சி. 1917-இல் மன்ஸ்டெட் வுட்டைப் பார்க்க வந்தவர்களில் எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் ஒருவர். அவர் பின்னாளில் சிசிங்ஹர்ஸ்ட்டில் அமைத்த வெள்ளைத் தோட்டத்தை உலகமே பார்த்து நகலெடுத்தது. நகலெடுத்தவர்களில் பலர் வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கும் சாம்பலையும் பச்சையையும் மறந்தார்கள்.

இத்தனைக்கும் பின்னால் கூலி இருந்தது. மன்ஸ்டெட் வுட்டில் பத்துக்கும் மேற்பட்ட தோட்டக்காரர்கள் வேலை செய்தார்கள். கொடியை இழுத்துக் கட்டியதும் தொட்டியைச் சுமந்ததும் அவர்கள்தான். ஜீக்கிலின் பூட்ஸை வில்லியம் நிக்கல்சன் 1920-இல் ஓவியமாகத் தீட்டினார், அவர்களுடைய பூட்ஸை யாரும் தீட்டவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் ஆளும் இல்லை, அந்தக் கூலி கட்டுப்படியாகவும் இல்லை. 1932-இல் ஜீக்கில் இறந்தபோது அவர் திட்டமிட்டுக் கொடுத்த தோட்டங்கள் ஏறக்குறைய 400. அவற்றில் பெரும்பாலானவை பிறகு அழிந்துபோயின.

காகிதம் மட்டும் தப்பியது. அமெரிக்கத் தோட்டக்கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் ஜீக்கிலின் வரைபடங்களை விலைக்கு வாங்கி, 1955-இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். சாமர்செட் மாவட்டத்தில் ஹெஸ்டர்கோம்ப் மாளிகை தீயணைப்புத் துறையின் தலைமையகமாக இருந்தது. 1973-இல் அங்கே லட்யன்ஸும் ஜீக்கிலும் சேர்ந்து அமைத்த தோட்டத்தை மீட்கும் வேலை தொடங்கியது. ஹாம்ப்ஷயரின் அப்டன் கிரே கிராமத்தில் 1984-இல் பழைய மாளிகை ஒன்றை வாங்கிய ரோசமண்ட் வாலிங்கர், அதன் தோட்டம் ஜீக்கிலுடையது என்று தெரிந்ததும் பெர்க்லியிலிருந்து வரைபடங்களின் நகல்களை வரவழைத்து, அவற்றில் எழுதியிருந்த செடிகளைத் தேடித் தேடி நட்டார். மன்ஸ்டெட் வுட்டை 2023-இல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வாங்கியது.