மேற்கோள்களின் பேரேட்டில் உலோகங்கள்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்கரையில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. இதற்கு வடக்கே, அதே ஏரியைக் கடலினின்று பிரித்து நிற்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. குப்பத்துப் படகின் நங்கூரம் இரும்பு. வடக்கே வானில் எழும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்ட மோட்டார் உறையும் பெரும்பகுதி இரும்பே. ஆனால் 2.8 மீட்டர் விட்டமுள்ள அந்த உறை, சுமார் 18 சதவீத நிக்கலும், கோபால்ட், மாலிப்டினம், டைட்டேனியம் ஆகியவையும் சேர்ந்த மாரேஜிங் எஃகினால் ஆனது. இந்த எஃகை ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் சில மணி நேரம் வைத்துப் பதப்படுத்தினால் அதன் வலிமை பெரிதும் உயர்கிறது.

நங்கூரத்திற்கும் ராக்கெட்டுக்கும் இடையே உள்ள தொலைவு, உலோகக் கலவைகளைப் பற்றி மனிதன் தேடிச் சேர்த்த அறிவின் தொலைவேயாகும். அவ்வறிவில் ஒரு பகுதி ஆய்வுக் கட்டுரைகளாக அச்சேறுகிறது. ஆண்டுதோறும் குவியும் கட்டுரைகளுள் சிறந்தது எது? மற்ற ஆய்வாளர்கள் மிகுதியாக மேற்கோள் காட்டியதே சிறந்தது என்று கொண்டு, இன்று பல ஆய்விதழ்கள் பரிசும் சான்றிதழும் வழங்குகின்றன. இந்த அளவுகோல் எப்படிப் பிறந்தது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கடன் கணக்கு

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையின் இறுதியில், தமக்கு முன் எழுதியோரின் கட்டுரைகளைக் குறிப்பிடுவார். இது ஒருவகையில் அறிவுக் கடனை ஒப்புக்கொள்வதாகும். யார் யாருக்குக் கடன்பட்டனர் என்பதை ஒரே பேரேட்டில் எழுதி வைத்தால் என்ன என்று கேட்டவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்டு. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக்காட்டினர் என்று காட்டும் அட்டவணைகளை அந்நாட்டு வழக்கறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பயன்படுத்தி வந்தனர். அதே முறையை அறிவியலுக்கும் கொண்டுவரலாம் என்று 1955இல் அவர் எழுதினார். 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது.

கட்டுரைகளைத் தேடி எடுக்க உதவுவதே அதன் முதல் நோக்கம். ஆனால் எண்ணிக்கை என்று ஒன்று கிடைத்துவிட்டால் தரவரிசையும் பின்னாலேயே வந்துவிடும் அன்றோ! 1977 முதல், மிகுதியாக மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் ஆசிரியர்களை அழைத்து, அக்கட்டுரை பிறந்த கதையை எழுதச் சொல்லி வெளியிட்டார் கார்பீல்டு. பணமுடிப்பு இல்லாத அந்தக் கௌரவத்தையும் விஞ்ஞானிகள் பெருமையாகவே கருதினர்.

அரசன் இல்லாத கலவை

இப்பேரேட்டில் அண்மைக் காலத்தில் உயர்ந்த இடம் பெற்ற உலோகவியல் செய்தி ஒன்றைப் பார்ப்போம். வெண்கலத்தில் செம்பு முதன்மை. எஃகில் இரும்பு முதன்மை. ஓர் உலோகம் அரசன், மற்றவை பரிவாரம். அரசனே இல்லாமல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்களை ஏறக்குறையச் சம அளவில் கலந்தால் என்ன ஆகும்? சிக்கலான, நொறுங்கும் பொருளே கிடைக்கும் என்று பலரும் எண்ணினர். ஆனால் தனிமங்கள் மிகுந்தால் அணுக்களின் ஒழுங்கின்மையும், அதாவது என்ட்ரோபியும் மிகுகிறது. ஐந்து தனிமங்கள் சம அளவில் கலந்தால், ஒரு மோலுக்குக் கலப்பு என்ட்ரோபி வாயு மாறிலியைப் போல் 1.61 மடங்கு. இது எளிய ஒற்றைப் படிக அமைப்பு நிலைத்து நிற்கத் துணை செய்யும். இவையே உயர் என்ட்ரோபி உலோகக் கலவைகள்.

தைவானில் யே, இங்கிலாந்தில் பிரயன் கேண்டர் ஆகிய இருவரும் தனித்தனியே இவ்வழியில் சென்றனர். இருவரின் கட்டுரைகளும் 2004இல் வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் எஸ். ரங்கநாதன், 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பல உலோகக் கலவைகளைப் பற்றி மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை எழுதி, யே குழுவினரின் கருத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். 1932இல் தொடங்கிய இந்த இந்திய இதழின் அச்சிறு கட்டுரையை, உலகெங்கும் வெளிவந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டியுள்ளன.

கணக்கில் வராதவை

இக்கதையிலேயே அளவுகோலின் குறைகளும் தெரிகின்றன. கேண்டரும் அவருடைய மாணவர் வின்சென்ட்டும் இருபது தனிமங்களைச் சம அளவில் கலந்து பார்த்தது 1981 அளவில். அது அச்சில் வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவரை பேரேட்டில் அந்த உழைப்பின் மதிப்பு சுழியம்! ரங்கநாதனின் கட்டுரையோ புதிய சோதனை எதையும் அறிவிக்கவில்லை. புதிய பாதை ஒன்று இருக்கிறது என்று சுட்டிக்காட்டியது. சோதனை செய்வது ஒரு பணி. அதன் பொருளைப் பிறர் உணரும்படி சொல்வது வேறொரு பணி. மேற்கோள் எண்ணிக்கை இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. மிக வெற்றி பெற்ற கருத்து பாடநூலில் கலந்து, மேற்கோள் தேவையற்றதாகிவிடுகிறது. நியூட்டனின் விதியைப் பயன்படுத்துவோர் அவர் நூலைக் குறிப்பிடுவதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, அச்சேறாத அறிவு உண்டு. மாரேஜிங் எஃகு அணுசக்திக் கருவிகளுக்கும் உதவுவதால், நாடுகள் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன. எனவே 1973இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட மிதானி போன்ற நிறுவனங்கள் இத்தகைய கலவைகளைச் சொந்த முயற்சியால் உருவாக்க வேண்டியதாயிற்று. உருக்குவது, வார்ப்பது, விரிசலின்றிப் பற்றவைப்பது ஆகியவற்றில் கைவந்த நுட்பங்கள் பெரும்பாலும் ஆலையின் குறிப்பேடுகளிலேயே தங்கிவிடுகின்றன. எந்தப் பரிசுப் பட்டியலும் அவற்றைக் காண்பதில்லை.

அப்படியானால் மேற்கோள் பரிசுகள் வீணா? இல்லை. ஒரு கருத்து எவ்வளவு தூரம் பரவியது என்பதை அவை நேர்மையாகவே காட்டுகின்றன. பரவலை மதிப்பு என்று மயங்குவதுதான் தவறு. நாளை ஆய்வுக் களத்தில் இறங்கப் போகும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை இன்றே உணர்வது நல்லது. எண்ணிக்கைக்காக எழுதப்படும் கட்டுரை எண்ணிக்கையைப் பெறலாம். லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணெதிரே ராக்கெட் ஒன்று உடையாமல் மேலெழுகிறதே, அதன் உறையில் எத்தனையோ பேரின் உழைப்பு உருகிக் கலந்திருக்கிறது. அவர்களுள் பலரின் பெயர் எந்த மேற்கோளிலும் இல்லை.