பொறிக்கேற்ற நிரல்

ஒரு கணிப்பொறிக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்குமா? தொடக்கத்தில் இயங்கவில்லை. பம்பாயில் நரசிம்மன் முதலானோர் உருவாக்கி 1960-இல் முறையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் பொறிக்கு, அதற்கே உரிய கட்டளைகளில் நிரல் எழுத வேண்டியிருந்தது. பொறி ஓய்ந்தால் நிரலும் ஓய்ந்தது.

இத்தளையைத் தளர்த்தியோர் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தார். டென்னிஸ் ரிச்சி வகுத்த 'சி' மொழியில் 1973-இல் யூனிக்ஸ் மீண்டும் எழுதப்பெற்றது. பின்னர் வேறு பொறிகளுக்கும் சென்றது.

ஆயினும், எங்கும் செல்லும் நிரல் மாற்றமின்றி எங்கும் பொருந்தும் என எண்ணலாகாது. பாகூர் ஏரிப் பாசனத்திலும் வில்லியனூர் ஆற்றங்கரையிலும் நெல் விளையினும், உழவர் மண்ணறிந்தே பயிரிடுவர். அவ்வாறே, நிரலைப் பொறியின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பிக்கு இன்ன செயலி என்று அறிவித்தல் வேண்டும். 1985-இல் வெளிவந்த இன்டெல் 386 செயலியைக் காண்போம். பின்ன எண்களை விரைந்து கணிக்கும் உறுப்பு அதனுள் இல்லை. அக்குறையை மென்பொருள் ஈடுசெய்யலாம். பின்வந்த 486-இல் சேர்ந்த புதிய கட்டளைகளையும் அது அறியாது. அவை கலந்த நிரல் அதில் இடையிலேயே நின்றுவிடும்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் 386 பொறியில்தான் லினக்ஸைத் தொடங்கினார். அச்செயலிக்கென ஏற்பாடுகளைத் தனியே பேணுவது சுமையானதால், 2013-இல் வந்த 3.8 பதிப்பு அதனைக் கைவிட்டது. பிறந்த வீட்டையே துறந்தது!

பழைய பொறி பயனற்றுப்போவது தேய்மானத்தால் மட்டுமன்று; அதற்கேற்ப நிரலை அமைப்பார் இன்மையாலும் ஆகும். சிற்றூர்ப் பள்ளியின் பழம்பொறியை ஒதுக்குமுன், அதன் செயலி யாதென அறிவீராக. மூலநிரல் கையிலிருப்பின், அறிந்தவர் அதனை மீண்டும் இயக்க வழியுண்டு.