கோவிந்தாபுரத்து எல்லையும் மாறிவரும் மழையும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டிற்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குமிடத்தில் இருப்பது கோவிந்தாபுரம். பிழைப்பை நாடி இவ்வழியே வேற்று மாநிலம் சென்ற நேயர்கள் பலர் இதனை ஒரு சோதனைச் சாவடியாக மட்டுமே அறிந்திருப்பர். உலக நாடுகள் மன்றங்களில் கூடி வாதிடும் காலநிலை அரசியலோ இங்கே வாய்க்கால் கரையிலேயே நடந்துவருகிறது.

கேரளம் என்றவுடன் நாம் ஓயாத மழையை நினைக்கிறோம். பாலக்காட்டுக் கணவாயையொட்டிய சித்தூர்ப் பகுதி அத்தகையதன்று. மண்ணிலும் மழையிலும் அது கொங்கு நாட்டுக்கே நெருங்கிய உறவு. அங்குள்ள நெல்லும் தென்னையும் சித்தூர்ப் புழையை நம்பி நிற்பவை. அப்புழைக்கு நீர் தருவதோ தமிழ்நாட்டில் பிறந்து மேற்கே ஓடும் ஆழியாறு.

இந்நீரைப் பங்கிட்ட வரலாறு சுவையானது. காமராசர் சென்னை மாநிலத்திலும் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு கேரளத்திலும் முதலமைச்சர்களாயிருந்த 1958-ஆம் ஆண்டில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்திற்கு இரு அரசுகளும் இணங்கின. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-இல்; ஆயினும் 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என எழுதப்பட்டது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் நிற்பது கேரள மண்ணில். அவற்றை இயக்குவது தமிழ்நாடு. இதற்கு ஈடாக, ஜூலை முதல் ஜூன் வரையிலான ஒவ்வோர் ஆண்டிலும் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர், கேரளத்திற்குச் சேரவேண்டும்.

எண் மாறாதது, மழையோ மாறுவது. ஒப்பந்தம் எழுதியோரைக் குறை கூறுவதற்கில்லை. சுற்றுச்சூழலைப் பற்றி உலக நாடுகள் கூடிய ஸ்டாக்ஹோம் மாநாடே 1972-இல்தான் நடந்தது. பழைய மழைக்கணக்கே இனியும் தொடரும் என்று அக்காலப் பொறியாளர்கள் கருதியது இயல்பே.

2016-இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. அவ்வாண்டு அக்டோபரில் கேரளமும், 2017 சனவரியில் தமிழ்நாடும் வறட்சியை அறிவித்தன. உரிய பங்கு வரவில்லை என்றனர் சித்தூர் உழவர். அணையில் இருந்தாலன்றோ தருவது என்றனர் ஆழியாற்றுப் பாசனத்தார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. அடுத்து 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. காற்று வெப்பமடையுந்தோறும் அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே மழையற்ற நாட்கள் நீளவும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கவும் இடமுண்டு. ஆண்டு மொத்தம் குறையாவிடினும் பயிருக்கு வேண்டிய நாளில் நீர் இராது. கோவிந்தாபுரத்தை அடுத்த முதலமடை மாந்தோப்புகளும் காலந்தவறிய மழையால் பூ உதிர்ந்து நட்டமடைகின்றன.

1992-இல் ரியோவில் உருவான உடன்படிக்கை, பொறுப்பு யாவர்க்கும் பொது, ஆயினும் அளவில் வேறுபட்டது என்றது. புகையை முன்னரே மிகுதியாக விட்ட நாடுகள் மிகுதியாகச் சுமக்கவேண்டும் என்பது பொருள். இந்தியா 2008-இல் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் மாநிலங்கள் தத்தம் திட்டங்களைத் தீட்டின. ஆற்றுக்கு மாநிலமில்லை; திட்டத்திற்கு மட்டும் இருக்கிறது! இது பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம். மேலோர் திட்டமும் கீழோர் திட்டமும் ஒரே வடிநிலத்தை ஒன்றாக அமர்ந்து கணக்கிடாவிடில் இரண்டும் ஏட்டுச் சுரைக்காயே.

2015-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை நாடுகளின் உறுதிமொழிகளை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது. நம் ஆற்று ஒப்பந்தமோ முப்பதாண்டுக்கொருமுறை மறு ஆய்வு என்றது. முதல் தவணை 1988-இலேயே வந்துவிட்டது. இரு முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, மறு ஆய்வுக்குக் குழுக்கள் அமைக்க இணங்கியது 2019 செப்டம்பரில்.