இனம் என்ற கட்டம்

1815 மார்ச் 2ஆம் திகதி எழுதப்பட்ட கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்துக்குப் பாதுகாப்பு அளித்தது என்பதை எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். மூன்றாம் பிரிவைச் சொல்லத்தான் ஆள் கிடைக்காது. பிடிபட்ட மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆண் உறவினர் அத்தனை பேரும் அரசின் எதிரிகள். வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் எழுத்தில் அனுமதி பெறாமல் கண்டி நாட்டுக்குள் திரும்பி வரக்கூடாது. மீறினால் இராணுவச் சட்டம் பாயும் என்கிறது அது. மன்னன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன், இயற்பெயர் கண்ணுசாமி. வெள்ளைக்காரர்கள் அவனை வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான்.

அதே வெள்ளைக்காரனுக்குப் பத்து வருடம் போகுமுன்னே அதே தென்னிந்தியக் கரையிலிருந்து ஆள் தேவைப்பட்டது. 1820களில் கம்பளைக்குப் பக்கத்துச் சின்னப்பிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த சனத்திடம் அனுமதிக் கடிதம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. ஏடுகளில் அவர்களும் 'மலபார் கூலிகள்'தான்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவன். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்த லூல்கந்துர எங்களுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றேன். 1981 குடிசன மதிப்பின்போது படிவத்தைக் கட்டிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கிய வாத்திமாரில் நானும் ஒருவன். எங்களை எந்தப் பெயரில் எண்ணுவது என்ற சண்டையைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

1911 குடிசன மதிப்பில்தான் தமிழர் இரண்டு கட்டமாகப் பிரிக்கப்பட்டார்கள். இலங்கைத் தமிழர் 5,28,024. இந்தியத் தமிழர் 5,30,983. அன்றைக்கு எங்கள் ஆட்களே அதிகம். அந்தக் கட்டத்தை வெள்ளைக்காரன் மட்டும் சுமத்தினான் என்று சொன்னால் பாதி உண்மைதான். 1939இல் நேரு வந்துபோன கையோடு தொடங்கிய அமைப்புக்கு எங்கள் தலைவர்களே 'இலங்கை இந்தியக் காங்கிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்தில் துரை வைத்ததே சட்டம். 1940 ஜனவரியில் எங்கள் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்துப்போனான். அப்படிப்பட்ட காலத்தில், கேட்க ஒரு பெரிய நாடு இருக்கிறது என்று காட்ட 'இந்தியன்' என்ற பெயர் உதவியது.

அந்தப் பெயரே பிறகு கழுத்துக்கு வந்தது. 1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். நிரூபிக்கப் பத்திரம் எங்கே இருக்கிறது? 1950இல் காங்கிரஸின் தொழிற்சங்கம் 'இந்திய' என்பதை விட்டு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. ஆட்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நான் கணக்கெடுத்த ஒரு காம்பராவில் அண்ணன் பதிவுப் பிரஜை, தம்பி இந்தியாவுக்கு எழுதிவிட்டுக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவன், தம்பி மனைவிக்கு இரண்டு பக்கமும் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு. இனம் என்ற கட்டத்தில் மூன்று பேருக்கும் 'இந்தியத் தமிழர்' என்றே எழுதினேன். அந்தத் தம்பியைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது. போய் இறங்கிய இடத்தில், நீலகிரியில், கோத்தகிரியில், கூடலூரில் அவர்களை அழைத்த பெயர் 'சிலோன்காரன்'.

அதே 1981 கணக்கில் இன்னொன்றும் நடந்தது. 1971 வரை சிங்களவரைக் கண்டிச் சிங்களவர், கரையோரச் சிங்களவர் என்று தனித்தனியாக எண்ணினார்கள். அந்தப் பிரிவும் லேசானதல்ல. 1920களில் கண்டித் தேசிய சபை தனக்கு சமஷ்டி கேட்டதே அதன் பேரில்தான். 1981இல் இரண்டும் 'சிங்களவர்' என்று ஒன்றாயின. எங்கள் கட்டம் அப்படியே நின்றது. ஆனால் அதற்குள் நின்றவர்கள் 11,74,606இலிருந்து 8,18,656 ஆகக் குறைந்தார்கள். கப்பலேறிப் போனவர்கள் ஒரு பங்கு. 'இலங்கைத் தமிழர்' என்று எழுதச் சொன்னவர்கள் இன்னொரு பங்கு.

என் மகள் அந்த இரண்டாவது வகை. "அப்பா, நான் பொறந்தது பேராதெனிய ஆஸ்பத்திரியில. இதுக்குள்ள இந்தியா எங்க வருது?" என்கிறாள். பதில் சொல்ல எனக்குக் கஷ்டம்தான். 2003இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற கதையும் முடிந்துவிட்டது. என் நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "இனமே வேண்டாம் மாஸ்டர், இலங்கையர் என்று மட்டும் எழுதுவோம்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டிச் சிங்களவரின் கட்டத்தை எடுத்தபோது அவர்களுக்கு வாக்கும் போகவில்லை, காணியும் போகவில்லை. எங்கள் கட்டத்தை எடுத்தால் இன்னும் லயத்தில் கிடப்பவர் எத்தனை பேர், காணி உறுதி இல்லாதவர் எத்தனை பேர் என்று கேட்பதற்கே ஆதாரம் இருக்காது. வடக்கு கிழக்கின் பெரிய தொகைக்குள் நாங்கள் கரைந்துபோவோம். எங்களைத் 'தோட்டக்காட்டான்' என்று சொன்ன வாய்களில் தமிழ் வாய்களும் இருந்தன என்பதையும் நான் மறக்கவில்லை.

ஆகவே கட்டம் இருக்கட்டும், அதற்குள் இன்னொரு நாட்டின் பெயர் வேண்டாம் என்பது என் கட்சி. 'மலையகத் தமிழர்' என்பதை யாரும் மேலிருந்து இறக்கவில்லை. 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் அவர்களிடம் படித்த இளைஞர்களும் மேடையிலும் பத்திரிகையிலும் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்தியது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த திசையில் நடந்தவர்கள் அந்தப் பெயரோடுதான் நடந்தார்கள். 2024 குடிசன மதிப்பில் அந்தப் பெயரும் ஏறியது. எங்கள் பங்கு 2.8 சதவீதம்.

மகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாட்டைக் கடவுச்சீட்டு சொல்லிவிடும். இனத்தை எழுதும்போது மட்டும், இன்னும் லயத்தில் இருக்கும் அவளுடைய பெரியம்மாவுக்கு 7 பேர்ச் காணிக்கு உறுதி கைக்கு வரும்வரை, அந்தப் பெரியம்மாவோடு சேர்த்து எண்ணப்படுகிற கட்டத்தில் நிற்கட்டும். பிறகு எந்தக் கட்டத்துக்குப் போனாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.