சங்கிலி வினவல் நூலகம்

சங்கிலி வினவல் நூலகம் என்பது டைப்ஸ்கிரிப்ட் மொழியில் அர்ரே எனப்படும் அணியில் உள்ள தரவை வடிகட்டவும், வரிசைப்படுத்தவும், குழுவாகப் பிரிக்கவும், கூட்டவும் உதவும் நிரல் தொகுப்பு. ஒவ்வொரு செயலும் அடுத்த செயலைத் தொடுக்கக்கூடிய ஒரு பொருளைத் திருப்பித் தருவதால், முழு வினவலையும் ஒரே தொடராக எழுதிவிடலாம். இவ்வகை எழுத்துமுறைக்கு ‘ஃப்ளூயன்ட் இன்டர்ஃபேஸ்’ என்ற பெயரை 2005இல் எரிக் எவன்ஸும் மார்ட்டின் ஃபவுலரும் சூட்டினர்.

இதன் முன்மாதிரி, மைக்ரோசாஃப்ட் 2007 நவம்பரில் டாட்நெட் 3.5உடன் வெளியிட்ட ‘லிங்க்’ என்னும் வினவல் வசதி. அது இடம்பெற்ற சி ஷார்ப் மொழியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் 2012 அக்டோபரில் அறிமுகமான டைப்ஸ்கிரிப்ட்டின் முதன்மை வடிவமைப்பாளரும். அங்கே பழகிய கை இங்கும் லிங்க்கைத் தேடியது இயல்பே. டைப்ஸ்கிரிப்ட்டுக்கு அடிப்படையான ஜாவாஸ்கிரிப்ட்டுக்காக ஜப்பானிய நிரலாளர் யோஷிஃபுமி கவாய் எழுதிய லிங்க்.ஜேஎஸ் அவ்வகை நூலகங்களில் ஒன்று.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். அன்றைய வரத்து ஓர் அணி. ஒவ்வொரு லாட்டும் அதில் ஓர் உறுப்பு. லாட்டுக்கு ஊர், ரகம், மூட்டை, குவிண்டால் விலை என நான்கு புலங்கள். ஏலக்கூடத்தில் கேள்வி இப்படி வரும்: “இன்னைக்கு வந்ததுல விரலியை மட்டும் எடுத்து, ஊர்வாரியாப் பிரிச்சு, மூட்டையைக் கூட்டிச் சொல்லுங்க.” நூலகத்தில் இது வடிகட்ட ‘வேர்’, பிரிக்க ‘குரூப்பை’, கூட்டித் தர ‘செலக்ட்’, கடைசியில் விடையை அணியாக்கும் ‘டுஅர்ரே’. கேட்டவரின் சொல்வரிசை அப்படியே நிரலின் வரிசையாகிறது. எடுத்து, பிரித்து, கூட்டி என்பவை வினையெச்சங்கள், ‘சொல்லுங்க’ வினைமுற்று. தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லிலோ ‘செலக்ட்’ முதலில் வந்துவிடும், எதிலிருந்து என்பது பிறகுதான். லிங்க் ‘ஃப்ரம்’ என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தது எடிட்டரை நினைத்து: எந்த அணி என்று தெரிந்தால்தான் புள்ளி வைத்ததும் புலங்களைக் காட்ட முடியும். தமிழில் யோசிப்பவருக்கு இவ்வளவு இணக்கமான நிரல் வடிவம் வேறில்லை என்பேன்.

முற்று வரும்வரை வாக்கியம் முடியாததுபோல, டுஅர்ரே வரும்வரை வினவலும் ஓடாது. அணியோடு பிறந்த ஃபில்டர், மேப் இரண்டும் ஒவ்வொரு படியிலும் ஒரு புது அணியை முழுதாக உருவாக்கும். சங்கிலி நூலகங்கள் பல, ஜெனரேட்டர்களைக் கொண்டு ஒவ்வொரு லாட்டாக எல்லாப் படிகளிலும் செலுத்துகின்றன. ‘முதல் 5 போதும்’ என்றால் ஐந்தாவது கிடைத்ததும் நின்றுவிடும். வரிசைப்படுத்தல், குழுவாகப் பிரித்தல் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. கடைசி லாட்டைப் பார்க்காமல் முதலிடம் எதற்கு என்றோ, ஒரு குழுவில் எவை எவை என்றோ சொல்ல முடியாதே. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: வினவலை எழுதியபின், ஓடுமுன் அணியில் சேர்ந்த லாட்டும் விடையில் வந்துவிடும்.

வரிசைப்படுத்தலில்தான் பிழைகள் அதிகம் ஒளிந்திருக்கின்றன. அணியின் சார்ட், எதுவும் சொல்லாவிட்டால் எண்களையும் எழுத்துகளாகவே ஒப்பிடும். 9500க்கு முன்னால் 12000 நிற்கும். ஊர்ப்பெயர்களிலும் இதே சிக்கல். 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் சார்ட் பின்பற்றும் யூனிகோடின் குறியெண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அதில் ழ, வ-வுக்கு முன்னால். ன, ந-வை அடுத்து. ஆகவே வெறும் சார்ட், பல்லடம், பழனி, பவானி என்று அடுக்கும். அகராதி முறையில் பல்லடம், பவானி, பழனி என்பதே சரி. அந்தியூர், அவினாசி, அன்னூர் என்பதும் வெறும் சார்ட்டில் அந்தியூர், அன்னூர், அவினாசி என்று புரளும். ‘இன்ட்ல்.கொலேட்டர்’ என்னும் ஒப்பீட்டுக் கருவிக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்து ஒப்பிட்டால் சரியான வரிசை வரும். வரிசைப்படுத்தும் ஆர்டர்பை செயலுக்கு ஒப்பீட்டுச் சார்பைத் தரும் வசதி ஒரு நூலகத்தில் இல்லையென்றால், தமிழ்த் தரவை வரிசைப்படுத்த அது உதவாது.

வகைச் சோதனை டைப்ஸ்கிரிப்ட்டின் கொடை. ரகம் என்பது ‘விரலி’ அல்லது ‘கிழங்கு’ மட்டுமே என்று அறிவித்துவிட்டால், யாரோ ‘விரளி’ என்று தட்டிய இடத்தில் நிரல் ஓடுமுன்பே சிவப்புக் கோடு விழும். புலங்களின் பெயரையே தமிழில் வைக்கவும் மொழி அனுமதிக்கிறது. விலைகளை மட்டும் கொண்ட ஓர் அணியிலிருந்து வெற்று மதிப்புகளை ஃபில்டர் நீக்கிய பின்னும் ‘விலை இல்லாமலிருக்கலாம்’ என்றே வகை காட்டிவந்த தொல்லை, 2024இல் வந்த 5.5 பதிப்பில் பெரும்பாலும் தீர்ந்தது.

சில நூலகங்கள் அணியின் மூல வடிவத்திலேயே தம் செயல்களை ஒட்டவைக்கின்றன. இது தவிர்க்க வேண்டிய வழக்கம். மூடூல்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அவ்வாறு ‘ஃப்ளாட்டன்’ என்பதைச் சேர்த்திருந்ததால், பழைய தளங்கள் உடையாமலிருக்க, ஜாவாஸ்கிரிப்ட் 2018இல் தன் செயலுக்கு ‘ஃப்ளாட்’ என்று பெயர் மாற்ற நேர்ந்தது. லிங்க்.ஜேஎஸ் போல அணியைத் தனிப் பொருளில் பொதிந்து தொடங்குவதே பாதுகாப்பு.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியே இப்போது நூலகத்தின் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது: 2024 தரத்தில் குரூப்பை, 2025 தரத்தில் இட்டரேட்டர்களுக்கே ஃபில்டர், மேப், டேக். இரண்டு பட்டியல்களை ஒரு புலத்தால் இணைக்கும் ஜாய்னும், விலை சமமானால் மூட்டையைப் பார் என்னும் தென்பையும் இன்னும் நூலகத்தின் கையில்தான் இருக்கின்றன.