பழவேற்காட்டில் பிறந்த நூல்

பழவேற்காடு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன உப்பங்கழியும், இறாலும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளும்தாம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அங்கே இருக்கின்றன. ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் வடமொழி இலக்கிய மொழிபெயர்ப்பு என்று கருதப்படுவது உருவானதும் இந்தப் பழவேற்காட்டில்தான் என்பதைப் பலர் அறியார்.

ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. இங்கே வாங்கிய துணியைக் கீழைத் தீவுகளுக்கு அனுப்பி நறுமணப் பொருள்களைக் கொண்டனர். துணி மட்டுமன்று, அடிமைகளாக விற்கப்பட்ட ஏழை மக்களும் இத்துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர் என்பதை மறைத்தற்கில்லை.

இத்தகைய வணிகத் துறைக்கு 1632இல் வந்து சேர்ந்தவர் ஆபிரகாம் ரொகேரியுஸ் என்னும் பாதிரியார். பத்தாண்டுகள் இங்கே பணியாற்றிய அவர், இந்நாட்டு அந்தணரின் வாழ்க்கை முறையையும் சமயக் கருத்துகளையும் அறிய விரும்பினார். ஆனால், அவர் வடமொழி கற்றவரல்லர். அவருக்குத் துணையாக அமைந்தவர் பத்மநாபர் என்னும் அந்தணர். பத்மநாபருக்கு டச்சு தெரியாது. எனினும், கடற்கரை வணிகத்தில் அந்நாளில் பொதுமொழியாக வழங்கிய போர்த்துக்கீசியம் இருவருக்கும் தெரியும். நூலில் உள்ளதைப் பத்மநாபர் அம்மொழியில் எடுத்துரைப்பார்; ரொகேரியுஸ் தம் தாய்மொழியில் எழுதிக்கொள்வார். இவ்வாறே பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் டச்சு உரைநடை வடிவம் பெற்றன. காதலைப் பாடும் சிருங்கார சதகம் மட்டும் விடுபட்டது.

இரண்டு மொழிகளைக் கடந்து செல்லும் செய்யுள் தன் ஓசையை இழக்கும் என்பது உண்மையே. கருத்து கரை சேர்ந்தது என்பதும் உண்மை.

1642இல் ரொகேரியுஸ் பத்தேவியா நகருக்குச் சென்றார்; 1647இல் தாயகம் திரும்பி, 1649இல் காலமானார். நூல் அப்பொழுதும் கையெழுத்துப் படியாகவே இருந்தது. அதை அச்சுக்குக் கொண்டு சேர்த்தவர் அவருடைய மனைவி. 1651இல் லெய்டன் நகரில் அது வெளிவந்தது. 'மறைந்துள்ள புறச்சமயத்துக்குத் திறந்த கதவு' என்பது அதன் பெயரின் பொருள். பெயரில் சமயப் பற்று தொனித்தாலும், உள்ளே கண்டதையும் கேட்டதையும் பெரும்பாலும் நடுநிலையோடு கூறுகிறது அந்நூல். 1663இல் ஜெர்மானிய மொழியிலும், 1670இல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது.

ஒரு நூலுக்கு எத்தனை கைகள் வேண்டியிருந்தன, பாருங்கள்! பொருளைத் தந்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், காத்து வெளியிட்டவர் ஒருவர், பிற நாடுகளுக்குப் பரப்பியவர் வேறு சிலர். எழுத்தாளன் தனியறையில் தானாகவே வளர்கிறான் என்னும் எண்ணத்தைப் பழவேற்காட்டு வரலாறு மறுக்கிறது. பின்னாளில், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் தமிழறிந்தோரிடம் கேள்வி கேட்டு, அவர்கள் எழுதிய மடல்களைக் கொண்டே தம் நூல்களுக்குப் பொருள் திரட்டினார்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தலைப்புப் பக்கத்தில் இருப்பது ரொகேரியுஸின் பெயர் மட்டுமே. நல்வேளையாக, தமக்குச் சொன்னவர் பத்மநாபர் என்பதை அவர் நூலின் உள்ளே பதிந்து வைத்தார். அந்த நேர்மை இல்லாதிருந்தால், அறிவை வழங்கிய அந்த மனிதரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. மீன் மிகுந்த நீர்ப்பரப்பில் வலையிடும் உரிமையை, உரிமையுள்ள ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். எவர் முறை எந்நாள் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். எழுத்துலகிலும் கூட்டுழைப்பு நிலைக்க வேண்டுமாயின், அவரவர் பங்கு இன்னதென்று எல்லாரும் அறியுமாறு சொல்லப்பட வேண்டும். நண்பரிடம் கேட்டெழுதியவன் நண்பரின் பெயரைச் சொல்வதும், மொழிபெயர்த்தவரின் பெயரை மூலநூலாசிரியரின் பெயரோடு பொறிப்பதும் வெறும் உபசாரமல்ல. அவை செலுத்தியே தீரவேண்டிய கடன்.